மாவு அடைத்த போன்

அக்காவின் போன் எப்போதும் சாம்பார் குண்டானுக்கும் சட்னி டப்பாவுக்கும் நடுவில், கவிழ்த்து வைத்த ஒரு டம்ளரின்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருக்கும். யார் கூப்பிட்டாலும் சுண்டு விரலால் ஒரு தட்டு, இன்னொரு தட்டு. முதல் தட்டில் போன் எடுபடும், இரண்டாவதில் ஸ்பீக்கர் அலறும். மற்ற விரல்களில் எல்லாம் இட்லி மாவு. சுண்டு விரல் மட்டும் அந்தக் கையில் வேலைக்குப் போகாமல் போனுக்கென்றே வளர்க்கப்பட்டது போலத் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

மயிலாப்பூர் குளத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் அவருடைய இட்லி வண்டி. அந்தச் சந்தின் கோடியில் இருந்த ஹவுசிங்போர்டு குடியிருப்பில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

அக்காவுக்குத் தனியாகப் பேசத் தெரியாது. அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பல்லாவரத்தில் கட்டிக்கொடுத்த மகள் அழுதுகொண்டு கூப்பிடுவாள். மாமியார் சுடுசொல் சொன்ன கதை சாம்பார் ஆவியோடு சேர்ந்து சந்து முழுக்கப் பரவும். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் மெல்வதை நிறுத்திக் கேட்பார்கள். ஒருநாள் கதை சூடாகிக்கொண்டிருந்தபோது, வண்டிக்கு எதிரே ஸ்டாண்டு போட்டிருந்த ஆட்டோக்காரர் தட்டோடு குனிந்து போனிடம் சொன்னார்:

"தங்கச்சி, உன் மாமியார்க்காரியாண்ட போனக் குடு. நான் பேசறேன்."

அந்தப் பெண்ணும் கொடுத்துவிட்டாள். பிறகு பல்லாவரத்து மாமியாருக்கும் மயிலாப்பூர் ஆட்டோக்காரருக்கும், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத நிலையில், இட்லி வேகிற நேரத்துக்குச் சண்டை நடந்தது. அக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் சட்னி ஊற்றிக்கொண்டே, "அப்படிக் கேளு, அப்படிக் கேளு" என்று தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்கு இதெல்லாம் பிடிக்காது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பெருமைக்குச் சொல்லவில்லை. அதற்கென்று அரசாங்கம் சான்றிதழே கொடுக்கிறது, லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். படித்ததனால் எனக்கு வந்த கெட்ட பழக்கம், எதைப் பார்த்தாலும் சரிசெய்யத் தோன்றுவது. தெருவில் எல்லாரும் என்னை "டிகிரி" என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதை பாதி, நக்கல் பாதி. அன்றைக்கு எது எவ்வளவு என்பது கூப்பிடுகிறவரைப் பொறுத்தது.

அரசு வேலைக்கான தேர்வு முடிவு வந்த அன்று நான் தி.நகரில் வேலை செய்யும் துணிக்கடையின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பில்லிங் பிரிவில் வேலை. யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடமிருந்து போன்.

"நைனா, ரிசல்ட்டு வந்துச்சாமே. இன்னா ஆச்சி?"

"போச்சுக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் பின்னால் கரண்டி சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரே நேரத்தில் பலர் "ச்சு" கொட்டுவது கேட்டது. மாலையில் நான் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே என் தோல்வி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "பரவால்ல டிகிரி, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றார். பால்காரர் சொன்னார். எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் சண்டைக்குப் போனேன்.

"அக்கா, ஒரு மனுஷனுக்கு நாலு பேருக்குத் தெரியக்கூடாத விஷயம்னு ஒண்ணு இருக்காதா?"

"மறைக்கிறதுக்கு இன்னா நைனா கீது? நீ இன்னா திருடிட்டியா?"

"அதுக்கில்லக்கா. சொந்த விஷயத்தை ஊருக்கே ஸ்பீக்கர் வச்சு..."

"என் வூட்டுக் கதவுக்குத் தாப்பாளே இல்ல. போனுக்கு மட்டும் எதுக்குப் பூட்டு? துண்ணு, இட்லி ஆறிடப்போவுது."

அவ்வளவுதான். என் வாதங்கள் எல்லாவற்றுக்கும் அக்காவின் பதில் கடைசியில் "துண்ணு" என்பதில்தான் முடியும்.

ஆனால் ஸ்பீக்கருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. போனின் காது ஓட்டை, அதாவது நாம் காதில் வைத்தால் சத்தம் வருகிற அந்தச் சின்னக் கோடு, முழுக்க மாவால் அடைத்துப்போயிருந்தது. வருஷக்கணக்காகக் காய்ந்து, புளித்து, மறுபடி காய்ந்த மாவு. வெயில் காலத்தில் அந்தப் போனுக்குத் தோசைக்கல் வாசனை வரும். தி.நகரில் என் கடைக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். கொடுங்கள், சுத்தம் செய்து வாங்கி வருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டேன். "அத்தக் குடுத்துட்டா நான் அது வரைக்கும் யாராண்ட பேசறது?" என்பார்.

பிறகு எங்கள் சந்தில் பள்ளம் தோண்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மழைநீர் வடிகால் வேலை, வண்டிகள் எல்லாம் நகர வேண்டும் என்றார்கள். மற்ற வண்டிக்காரர்கள் பார்க்கலாம், பார்க்கலாம் என்று இருந்தபோது அக்கா மட்டும் உடனே கிளம்பி இடம் தேடினார். கொட்டிவாக்கத்தில், தன் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஷட்டர் போட்ட ஒரு சின்னக் கடை கிடைத்தது. அட்வான்ஸுக்காகக் கழுத்துச் சங்கிலியை விற்றார். அந்தப் பணம் வங்கியில் கிடந்தது, வெள்ளிக்கிழமை கொடுப்பதாகப் பேச்சு. இதுவும் ஊருக்கே தெரியும், சொல்லவேண்டியதில்லை. சங்கிலிக்கு என்ன விலை கிடைத்தது என்பதை ஆட்டோக்காரர் எனக்குச் சொன்னார்.

அந்தப் பணம் போனால் கடை இல்லை. வண்டி எப்படியும் இல்லை. அக்காவுக்கு வேறு எதுவும் இல்லை. அதனால் தினமும் காலையில் இட்லி தின்னும்போதெல்லாம் பாடம் எடுத்தேன்.

"அக்கா, மத்தது எப்படியோ போகட்டும். பேங்க் விஷயம் மட்டும் ஸ்பீக்கர்ல பேசாதீங்க. தனியாப் போய், காதுல வச்சு, மெதுவாப் பேசுங்க. பக்கத்துல யாரும் இருக்கக்கூடாது."

"செரி நைனா."

"என்ன சரி? சொல்லுங்க பாப்போம்."

"பேங்க் விசயம் தனியா பேசணும். காதுல வெச்சி. ஒருத்தரும் கூட இருக்கக் கூடாது. போதுமா? இவன் ஒருத்தன், வாத்தியாராப் பொறந்திருக்கணும்."

அந்தப் புதன்கிழமை காலை நான் இரண்டாவது இட்லியில் இருந்தேன். போன் அடித்தது. சுண்டு விரல், இரண்டு தட்டு.

"வணக்கம் அம்மா. உங்க பேங்க் ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசறேன்மா. சாப்டீங்களா?"

குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. எங்கள் தெருவில் யாரும் யாரையும் அப்படி விசாரிப்பதில்லை.

"இனிமேதான் சார். வியாவாரம் ஓடிகினு கீது. சொல்லு சார்."

"அம்மா, ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா? சத்தம் அதிகமா இருக்கே. இது பேங்க் சம்பந்தப்பட்ட விஷயம்மா. யாரும் கேக்கக்கூடாது. தனியா வந்து பேசுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன். வீட்டுப்பாடத்தை முதல் முறையாக முடித்துக் கொண்டுவந்த மாணவி வாத்தியாரைப் பார்ப்பது போன்ற பார்வை. துண்டை எடுத்தார். இரண்டு கைகளையும், விரல் இடுக்குகள்கூட விடாமல், துடைத்தார். அவர் கை காய்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். ஸ்பீக்கரை அணைத்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் போனார்.

தெரு திடீரென்று அமைதியானது. வண்டியைச் சுற்றி நின்றவர்கள், சினிமா நடுவில் கரண்ட் போனது போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் தட்டோடு ஓடினேன்.

"அக்கா, அது டுபாக்கூர் போன்! வைங்க!"

அக்கா வாயைப் பொத்தச் சொல்லி ஜாடை காட்டினார். நான் விடவில்லை. போனைக் கையால் மூடிக்கொண்டு சீறினார்:

"இன்னா நைனா நீ? நீதான சொல்லிகினே இருந்த, பேங்க் விசயத்தத் தனியா பேசுன்னு? அந்த சாரும் அத்தையேதான் சொல்றாரு. இப்ப வந்து நீயே ஒட்டுக் கேக்கற!"

அத்தனை நாள் நான் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவன் இரண்டு வாக்கியத்தில் வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

ஆனால் அவனுக்கு மாவைப் பற்றித் தெரியாது.

"இன்னா சார்? கேக்கல... ஆங்?... சார், கேக்கல... கொஞ்சம் கத்திப் பேசு சார்..." அக்கா போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். குலுக்கினார். ஊதிப் பார்த்தார். பிறகு சலித்துப்போய் நேராக வண்டிக்கே திரும்பி வந்து, போனை டம்ளரில் சாய்த்து, சுண்டு விரலால் ஒரு தட்டு.

"காது அட்ச்சிகினு கீது சார். இதுலயே பேசு. இங்க எல்லாம் நம்மாளுங்கதான்."

"அம்மா, வேணாம்மா, தனியா..."

"அட, பரவால்ல சார். சொல்லு."

அவன் கொஞ்சம் யோசித்திருப்பான் போல. பிறகு சொன்னான். கே.ஒய்.சி. முடியவில்லையாம். இன்று பதினொரு மணிக்குள் முடிக்காவிட்டால் கணக்கு முடங்கிவிடுமாம். போனுக்கு ஒரு நம்பர் அனுப்பியிருக்கிறானாம். அதைப் படித்துச் சொன்னால் போதுமாம்.

"சொல்லாதீங்கக்கா! அந்த நம்பரைச் சொன்னா மொத்தப் பணமும் போயிரும்!" என்று கத்தினேன்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். படித்தவன் ஒருவன் பக்கத்தில் நின்று கத்துகிறான். ஆனால் எங்கள் தெருவில் எதுவும் அப்படி முடியாது. ஸ்பீக்கர் என்றால் சபை. சபை என்றால் ஆளுக்கொரு கருத்து.

"குடுக்காதக்கா. கொரலே செரியில்ல" என்றார் ஆட்டோக்காரர்.

"அப்படிச் சொல்லப்படாதுப்பா" என்றார் மாமா. தெருவுக்கே அவர் மாமா; மாட வீதியில் குடியிருக்கும், ஏதோ பெரிய கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் கோயிலுக்குப் போய்விட்டு, வீட்டுக்குத் தெரியாமல் இங்கே இரண்டு இட்லி சாப்பிடுவார். "கே.ஒய்.சி. கட்டாயம் பண்ணியாகணும். எனக்கே பேங்க்லேர்ந்து கடுதாசி வந்துது. பண்ணலேன்னா நிஜமாவே நிறுத்திடுவான்."

"கரெக்டா சொன்னீங்க சார்!" என்றது போன்.

"பாத்தியா?" என்றார் மாமா என்னிடம்.

"மாமா, அவன் திருடன்!"

"எப்படித் தெரியும் நோக்கு? மரியாதையாப் பேசிண்டிருக்கார். நீதான் கத்திண்டிருக்கே."

அக்கா இதற்கிடையில், "சார், ஒரு நிமிசம் லைன்லயே இரு, இட்லி எறக்கிட்டு வந்துடறேன்" என்று போனிடம் சொல்லிவிட்டுக் குண்டானைத் திறந்தார். அவன் இருந்தான். கோடி ரூபாய் கொடுத்தாலும் அரைமணி யாருக்கும் காத்திருக்காத இந்த ஊரில் அவன் காத்திருந்தான். இட்லியைத் துணியிலிருந்து பெயர்த்து, யாருக்கு நாலு யாருக்கு ஆறு என்று பார்த்து வைத்துவிட்டு அக்கா போனைத் தொட்டார். இப்போது மறுபடி கை ஈரம். திரை வழுக்கியது, மெசேஜ் திறக்கவில்லை.

"நைனா, அந்த நம்பரக் கொஞ்சம் படி."

"மாட்டேன்."

"படிச்ச புள்ள ஒரு நம்பர் படிக்க மாட்டேன்றான் பாரு! மாமா, நீ படி."

மாமா கைக்குப் போன போனை நான் பிடுங்கப் போனேன். சத்தியமாகப் பிடுங்கத்தான் போனேன். ஆட்டோக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய் டிகிரி, பெரியவர் கையில கீறத இஸ்க்கிறியே, இன்னா பயக்கம்?" கொடுக்கவேண்டாம் என்று சொன்ன அதே ஆள்!

மாமா போனைக் கை எட்டுகிற தூரம் வரை நீட்டிப் பிடித்தார். கண்களைச் சுருக்கினார்.

"கண்ணாடிய ஆத்துலயே வச்சுட்டு வந்துட்டேன்... நாலு... நாலுதான். அப்பறம் இது ஒண்ணா, ஏழா?"

"ஏதோ ஒண்ணு சொல்லுங்க சார், ட்ரை பண்றேன்" என்றது போன். கனிவு கொஞ்சம் குறைந்திருந்தது.

"அதெப்படி, தப்பாச் சொன்னா அந்தம்மா கணக்குன்னா பாழாப்போகும்? இருங்கோ. ஒண்ணு. இல்ல, ஏழு."

அந்த நம்பர் காலாவதியாகிவிட்டது. இன்னொன்று அனுப்பினான். அது வந்த நேரத்தில் பல்லாவரத்து மகள் குறுக்கே கூப்பிட்டாள், திரை முழுக்க அவள் முகம். மாமா எதையோ அழுத்தி அதை அணைத்து, மெசேஜைத் தேடி, பழைய நம்பரையே மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். என் கை இன்னும் ஆட்டோக்காரரிடம். என் சட்டையில் சட்னி. என் தொண்டை போய்விட்டது. அந்தத் தெருவில் என் ஒருவன் பேச்சுக்கு மட்டும் ஸ்பீக்கர் இல்லை.

"நாலு" என்றார் மாமா, மறுபடி.

"யோவ் பெருசு!" என்று வெடித்தது போன். "சாவடிக்காத! போனை அந்தப் பொம்பளைகிட்டக் குடு. ஏய், லூசாடி நீ? நம்பரைச் சொல்லுடி!"

கரண்டி நின்றது.

மாமாவின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. ஆட்டோக்காரர் என் கையை விட்டுவிட்டார். இதற்குமேல் அக்கா பேசியதை நான் எழுத முடியாது. அவன் பிறப்பில் ஆரம்பித்து அவன் போய்ச் சேரப்போகிற இடம் வரைக்கும் ஒரு மூச்சில் சொன்னார். இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியை வைத்துவிட்டு வந்து தன் பங்குக்கு இரண்டு சொன்னார். மாமாகூட, எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு கெட்ட வார்த்தையை முழுசாக உச்சரித்தார். அவன் எப்போது வைத்தான் என்று யாருக்கும் தெரியாது. வெகுநேரம் காலிப் போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பணம் பிழைத்தது. என்னால் அல்ல. நான் சொன்ன காரணம் ஒன்றைக்கூட ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவன் மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுமையாக இருந்திருந்தால், மாமா படித்து முடித்திருப்பார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மதியத்துக்குள் அக்காவின் கோபம் ஆறிவிட்டது. ஆறிய பிறகு சந்தேகம் வந்தது. "ஏன் நைனா, ஒருவேள நெஜ பேங்க் ஆளாவே இருந்து, நாம லேட்டு பண்ணதுல கோவம் வந்துட்ச்சோ?" நான் தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாள் லீவு போட்டு வங்கிக்கே கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் நின்றோம். கவுண்டரில் இருந்தவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாங்க யாருக்கும் போன் பண்ண மாட்டோம். அதான் போர்டு வச்சிருக்கோமே. பாக்கறதில்லையா?"

போர்டு இருந்தது. இங்கிலீஷில் இருந்தது. அதன் பாதியை ஒரு காலண்டர் மறைத்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்: "அந்தத் திருட்டுப் பையன் சாப்டியான்னு கேட்டான். இந்தாளு என் மூஞ்சியக்கூடப் பாக்கல. இதுல எவன் நெஜம்னு எனுக்கு எப்படி நைனா தெரியும்?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓ.டி.பி. என்றால் என்ன என்பதுதான்.

அதைவிடப் பெரிய இடி, பஸ் ஸ்டாப்பில் விழுந்தது. அக்கா முந்தானையில் துடைத்துப் போனை என்னிடம் நீட்டினார். "இந்தா. நீ சொன்னியே, காது க்ளீன் பண்ணி எட்த்துனு வா. எல்லாரும் கேட்டதுனாலதான் இத்தினி பேஜாரு. இனிமே தனியாவே பேசறேன்."

வாங்கிக்கொண்டு தி.நகர் போனேன். ரிப்பேர்க் கடை திறந்துதான் இருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தார். நான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"கடை மூடியிருக்குக்கா" என்றேன்.

அடுத்த வாரமும் மூடியிருந்தது. அதற்கடுத்த வாரம் ரிப்பேர்க் கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தார். பிறகு அவர் வீட்டில் ஒரு விசேஷம். சந்தில் பள்ளம் தோண்டுகிற வரையில் அந்த மனுஷனுக்கு நான் ஏற்பாடு செய்யாத விசேஷம் இல்லை. அக்கா அட்வான்ஸ் கொடுத்து, வண்டியை விற்று, கொட்டிவாக்கம் போய்ச் சேர்ந்தார், காதில் மாவோடு.

எப்போதாவது கூப்பிடுவார். நான் முன்பின் அறியாத கொட்டிவாக்கத்துக் குரல்கள் பின்னாலிருந்து சட்னி கேட்கும். எரிச்சலாகத்தான் இருக்கும்.

போன வாரம் கூப்பிட்டார். குரல் கிட்டத்தில், மெதுவாக, தனியாக வந்தது. ஒரு தட்டுச் சத்தம் இல்லை. அக்காதானா என்று திரையைப் பார்த்துக்கொண்டேன்.

"இங்க ஒரு பையன் க்ளீன் பண்ணிக் குட்த்துட்டான் நைனா. இப்போ காதுல வெச்சிதான் பேசறேன். நீ சொன்ன மாதிரி கடைக்குப் பின்னால வந்து நின்னுகினு. ஒருத்தருக்கும் கேக்காது. பரீட்ச எய்தினியே, இன்னா ஆச்சி?"

அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் இருந்த அதே அமைதி.

"அக்கா, கடைக்குள்ள போங்க. போனை ஸ்பீக்கர்ல போடுங்க."

"எதுக்கு? உன் விசயத்த ஊரே கேக்கணுமா?"

"கேக்கட்டும். போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். ஒரு தட்டு. கரண்டி, குண்டான் மூடி, யாரோ இருமுவது, பின்னால் ஈ.சி.ஆர். பஸ் ஒன்று ஹார்ன் அடித்துப் போவது, எல்லாம் ஒரேயடியாக வந்து காதில் மோதின.

"ஆங், போட்டாச்சு. சொல்லு. இன்னா ஆச்சி?"

"இந்த வாட்டியும் போச்சுக்கா" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக.

"ச்சு" என்றது கொட்டிவாக்கம்.